வானிலைக் கணக்கும் வயல் வேலையும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் வாக்கு. பல தலைமுறைகள் வானத்தை உற்று நோக்கிச் சேர்த்த அறிவு இந்த மூன்று சொற்களில் அடங்கியுள்ளது. ஆனால் எல்லா ஆடியும் ஒன்று போல் இருப்பதில்லை. விதைக்கும் உழவுக் கூலிக்கும் கடன் வாங்கிய குடும்பத்திற்கு ஒரு விதைப்பு பொய்த்தால் ஓராண்டு வாழ்வே தடுமாறும். ஆகவே முதுமொழியோடு கணக்கும் சேர வேண்டும். அது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

வானிலை என்பது இன்றும் நாளையும் நிலவும் மழை, வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைக் குறிக்கும். இவற்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து காணும் பொதுப் போக்கே காலநிலை. எந்தப் பயிரை எந்தப் பருவத்தில் இடுவது என்பதைக் காலநிலை கூறும். நாளைக்கு மருந்து தெளிக்கலாமா என்பதை வானிலை கூறும்.

நம் நாட்டு வானிலை நிலையங்களில் தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறித்துக் கொள்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். அப்படியானால் 10 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் நீரைத் தருகிறது! நாளை நல்ல மழை உண்டென்று அறிந்தால், இன்று கடலைக் கொல்லைக்கு மோட்டார் ஓட்டி நீர் இறைக்க வேண்டுமா?

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆனால் சராசரியை மட்டும் நம்புவது ஆபத்து. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் ஊரில் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் பத்து ஆண்டுகளில் இரண்டு முறை மட்டும் 150 மில்லிமீட்டர் மழை பெய்து, மற்ற எட்டு ஆண்டுகளில் ஒரு துளியும் பெய்யவில்லை என்று வைத்துக் கொள்வோம். சராசரி 30 மில்லிமீட்டர் என்று வரும். அதை நம்பி மானாவாரி நிலத்தில் அந்த வாரம் விதைப்பவர் பத்தில் எட்டு முறை ஏமாறுவார். ஆதலால் "எவ்வளவு பெய்தது?" என்பதோடு "எத்தனை ஆண்டுகளில் பெய்தது?" என்றும் கேட்க வேண்டும். பழைய பதிவேடுகளின் அருமை இங்கேதான் விளங்குகிறது.

விதைத்த பின்னரும் கணக்கு கைகொடுக்கிறது. பலத்த மழைக்கு முன் யூரியா இட்டால் உரம் நீரோடு போய்விடும். இரவில் குளிர்ச்சியும் பனியும் மிகுந்தால் நெல்லில் குலை நோய் பரவ ஏதுவாகும். நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகள், நல்ல மழை பெய்ததும் மண்ணிலிருந்து வெளிவருகின்றன. மழையளவைக் கவனிப்பவர் அப்போதே விளக்குப் பொறி வைத்து, அவை முட்டையிடுமுன் அழிக்கலாம்.

வானிலை அறிவால் எல்லாவற்றையும் காத்துவிட முடியுமா? முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. முன்னெச்சரிக்கை கிடைத்ததால் பலரும் முகாம்களுக்குச் சென்று உயிர் பிழைத்தனர். ஆனால் தென்னை மரங்களை எங்கே கொண்டு செல்வது? அவை லட்சக்கணக்கில் சாய்ந்தன. புதுக் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பும் சில வேளை தவறும். ஆயினும் கண்ணை மூடி நடப்பதைவிட விளக்கேந்தி நடப்பது மேல் அல்லவா?

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கப்பட்டது. 1945 முதல் வானொலி வழியே உழவர்களுக்கான வானிலை அறிக்கையை வழங்கலாயிற்று. இன்று மாவட்டந்தோறும் பயிர் ஆலோசனைகள் வெளிவருகின்றன. "மேகதூத்" என்னும் கைப்பேசிச் செயலியிலும் அவற்றைப் படிக்கலாம். எழுத்தறியாத பெரியோருக்கு அவற்றைப் படித்துச் சொல்வது பள்ளி செல்லும் நம் கடமையன்றோ?

தோழியரே! நாமும் மழையை அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவை மரநிழலோ கூரையோ இல்லாத வெட்டவெளியில் வைப்போம். தினமும் காலையில் அதில் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதுவோம். அளந்த பின் நீரைக் கொட்டிவிட வேண்டும். ஓராண்டுக் குறிப்பு சிறியதாகத் தோன்றும். பத்து ஆண்டுகள் தொடர்ந்தால் நம் ஊர் வயல்களுக்கு அது ஒரு செல்வமாகும். முன்னோர் அனுபவத்தை முதுமொழியாக விட்டுச் சென்றனர். நாம் அதனுடன் எண்களையும் சேர்த்து அடுத்த தலைமுறைக்கு அளிப்போம்.