நான்கு செல், 15 மணி நேரம்

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி மாணவர்கள் பேசிக்கொள்ளும்போது முதலில் எழும் கேள்வி, "எந்தப் பெட்டி பெரியது?" என்பதுதான். எதில் படம் துல்லியம், எதில் நிறம் அதிகம், எதன் நுண்செயலி வேகமானது என்று ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். நானும் இந்த விளையாட்டுகளின் ரசிகன்தான். முப்பது ஆண்டு கால ரசிகன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்பதால், ஆட்டத்தோடு கூடவே பெட்டிக்குள் நடப்பதையும் கவனிப்பது என் வழக்கம். அந்த இரண்டு உரிமையிலும் ஒரு கருத்தைச் சொல்கிறேன். கையில் இருக்கும் குறைந்த வசதிக்குப் பொருத்தமான ஆட்டத்தை யோசித்துக் கண்டுபிடிப்பவரே இந்தத் துறையில் வெல்கிறார். பெட்டியின் பலம் அதற்கு அடுத்தபடிதான். இது என் ரசனை மட்டுமா, இதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்போம்.

திருவிழாக் கடைப் பெட்டி

1990களில் எங்கள் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக் கடைகளில் பலூனுக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவே ஒரு கையடக்கப் பெட்டி விற்கும். பெயர் 'பிரிக் கேம்'. சீனாவில் செய்தது. மேலட்டையில் '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் பத்துப் பதினைந்து ஆட்டங்களையே வேகத்தை மாற்றி, கட்டத்தை மாற்றி அத்தனை எண்ணிக்கையாக்கியிருப்பார்கள். விளம்பரத்தை எண்களோடு படிக்கும் பழக்கத்துக்கு இது நல்ல முதல் பாடம்!

அதன் திரையில் 10 பத்திகள், 20 வரிசைகள். ஆக 200 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் கறுப்பாகலாம், அல்லது வெறுமையாக இருக்கலாம். வேறு நிலை கிடையாது. இந்த 200 கட்டங்களுக்குள்ளேயே துண்டுகள் விழுந்தன, கார்கள் ஓடின, பாம்பு வளர்ந்தது. ஆடுபவருக்கு அவை காராகவும் பாம்பாகவும் தெரிந்தன. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. நம் ஊர்த் திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் இருப்பவை 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள், அவ்வளவே. புளியங்கொட்டை ஆடாகிறது, கூழாங்கல் புலியாகிறது. ஆனாலும் பெரியவர்கள் மணிக்கணக்கில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒளி தராத திரை

பிரிக் கேம் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பிறகு எப்படிக் கறுப்புக் கட்டம் தெரிகிறது?

1888இல் ஆஸ்திரியத் தாவரவியலார் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் ஒரு விந்தையான பொருளைக் கண்டார். கொலஸ்டிரால் சார்ந்த அந்தப் பொருள் சுமார் 145 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று. சுமார் 178 டிகிரியில் அந்தக் கலங்கலும் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? இடையில் இருந்த அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். அது திரவம் போல ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் போல ஒரே திசை நோக்கி ஒழுங்காக நிற்கும்.

இனி, மூங்கில் படல் ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். அதன் செங்குத்து இடுக்கு வழியே ஒரு கயிற்றை நீட்டி, மேலும் கீழுமாக ஆட்டினால் அலை படலைத் தாண்டிப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் படலிலேயே நின்றுவிடும். ஒளிக்கும் இப்படிப்பட்ட படல் உண்டு. அதைத் தளவிளைவாக்கி என்கிறோம். ஒரு படலைச் செங்குத்தாகவும் அடுத்ததைக் கிடையாகவும் வைத்தால் ஒளி முழுவதும் தடைப்படும். இரண்டுக்கும் நடுவே திரவப் படிகத்தை, மூலக்கூறுகள் மாடிப்படிச் சுருள் போல 90 டிகிரி திரும்பும்படி நிரப்பினால், ஒளியின் அதிர்வுத் திசையும் கூடவே 90 டிகிரி திரும்பி இரண்டாம் படலையும் கடந்துவிடும். பின்னால் உள்ள பிரதிபலிப்பான் அதைத் திருப்பி அனுப்பும். கட்டம் வெளிச்சமாகத் தெரியும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் மின்புலத்தின் திசையில் நிமிர்ந்துவிடும். சுருள் குலைகிறது, ஒளி திரும்புவதில்லை, கட்டம் கறுக்கிறது.

இதற்கு வேண்டியது மின்புலமே. கணிசமான மின்னோட்டம் தேவையில்லை. ஆகவே செல் நாட்கணக்கில் உழைக்கிறது. நம் ஊருக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெயில் ஏற ஏறக் கைப்பேசித் திரை மங்கிப்போகிறது; இந்தத் திரையோ மேலும் தெளிவாகத் தெரிகிறது. வெளியிலிருந்து வரும் ஒளிதானே இதற்கு விளக்கு!

ஆனால் சித்திரை வெயிலில் இப்படிப்பட்ட கால்குலேட்டரை வண்டிக்குள் மறந்து விட்டுவிட்டால், சில வேளை திரை முழுவதும் கறுத்துக் கிடக்கும். ஏன்? சூடு ஒரு வரம்பைத் தாண்டியதும் மூலக்கூறுகளின் ஒழுங்கு குலைந்து சாதாரணத் திரவமாகிவிடுகிறது. ரைனிட்சர் கண்ட இரண்டாம் உருகுநிலை இதுதான். ஆறியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். ஆனாலும் வேண்டுமென்றே செய்து பார்க்காதீர்கள். தளவிளைவாக்கி நிரந்தரமாகக் கெடலாம்.

வாடிய தொழில்நுட்பம்

கையடக்க விளையாட்டுகளின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெயர் ஜப்பானியப் பொறியாளர் குன்பெய் யோகோய். ஒரு பயணி அதிவேக ரயிலில் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததை அவர் கண்டாராம். கால்குலேட்டர் திரை அப்போது மலிவாகிவிட்ட பழைய சரக்கு. அதைக் கொண்டே நிண்டெண்டோ நிறுவனத்துக்காக 1980இல் 'கேம் அண்டு வாட்ச்' வரிசையை உருவாக்கினார். விரலால் நான்கு திசையிலும் அழுத்தும் கூட்டல் குறி வடிவப் பொத்தானும் 1982இல் இந்த வரிசையில்தான் வந்தது. இன்று உங்கள் கைக்கு வரும் பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகளில் அதன் வாரிசைக் காணலாம்.

யோகோய் தம் கொள்கையை, 'வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது' என்றார். வாடியது என்றால் புதுமை போய், விலை குறைந்து, குணமெல்லாம் நன்றாகத் தெரிந்துவிட்ட தொழில்நுட்பம். மானாவாரி நிலத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்மாயில் இத்தனை தண்ணீர்தான் என்று தெரிந்தவர் நெல்லுக்கு ஆசைப்படாமல் குதிரைவாலியை விதைக்கிறார். அதில் விளைச்சலும் காண்கிறார்.

இந்தக் கொள்கைக்கு 1989இல் தேர்வு வந்தது. அந்த ஆண்டு 'கேம் பாய்' வெளியாயிற்று. 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள், பின்னொளி இல்லை. அதே ஆண்டு வந்த அட்டாரியின் 'லிங்க்ஸ்', அடுத்த ஆண்டு வந்த சேகாவின் 'கேம் கியர்' இரண்டிலும் வண்ணத் திரை, பின்னொளி இரண்டும் உண்டு. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேம் பாய் பரிதாபமாகத் தெரியும். எது வென்றது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கேம் பாய்க்கு, பென் டார்ச்சில் போடுவது போன்ற சிறிய செல் 4 வேண்டும். சுமார் 15 மணி நேரம் ஓடும். கேம் கியருக்கு 6 செல். சுமார் 4 மணி நேரம். ஒரு செல் தரும் ஆட்ட நேரம் எவ்வளவு?

கேம் பாய்: 15 ÷ 4 = 3.75 மணி, அதாவது 225 நிமிடம்.
கேம் கியர்: 4 ÷ 6 மணி, அதாவது 40 நிமிடம்.

செல் வாங்கும் காசு உங்களுடையது என்றால் எதை வாங்குவீர்கள்? உலகமும் அப்படித்தான் முடிவு செய்தது. கேம் கியர் சுமார் 1 கோடி விற்றது. கேம் பாயும் 1998இல் வந்த அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. விலை குறைவு, நல்ல ஆட்டங்கள் ஆகியவையும் காரணம்தான். ஆனால் அந்தக் குறைந்த விலையும் வாடிய தொழில்நுட்பம் தந்த பரிசே.

டி.வி.யோடு இணைத்து ஆடியவை

வீட்டு டி.வி.யில் இணைக்கும் பெட்டிகளின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. ரால்ஃப் பேர் உருவாக்கி 1972இல் விற்பனைக்கு வந்த 'மேக்னவாக்ஸ் ஒடிசி'தான் முதல் வீட்டுப் பெட்டி. அதில் நுண்செயலி இல்லை, ஒலி இல்லை. வெள்ளைப் புள்ளிகள் மட்டும் நகரும். மைதானம் வேண்டுமானால் வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை டி.வி. திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1977இல் வந்த அட்டாரி 2600இன் நினைவகம் 128 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்று வைத்தால், தபால் அட்டையில் மூன்று நான்கு வரிகளுக்கே இடம்!

1990களில் நம் நாட்டு வீடுகளுக்கு வந்த டி.வி. விளையாட்டுப் பெட்டிகளில் பல, ஜப்பானில் 1983இல் வெளியான 'ஃபேமிகாம்' பெட்டியின் நகல்கள். 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் விற்றன. அவற்றில் எல்லோரும் ஆடிய 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' 1985இல் வந்தது. அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு. இடத்தை எப்படி மிச்சம் பிடித்தார்கள்? வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. வெள்ளையானால் மேகம், பச்சையானால் புதர்.

டி.வி. பெட்டிகளைவிடக் கையடக்கப் பெட்டியே எனக்குப் பிடித்தது. வீட்டில் இருப்பது ஒரே டி.வி.; செய்தி பார்க்க ஒருவர், நாடகம் பார்க்க ஒருவர் காத்திருப்பார்கள். மின்சாரம் போனால் ஆட்டமும் போயிற்று. பெரிய திரையில் நான்கு பேர் சேர்ந்து ஆடும் கலகலப்பு கையடக்கப் பெட்டியில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2017இல் வந்த 'நிண்டெண்டோ ஸ்விட்ச்' இரண்டையும் ஒன்றாக்கியது. கையில் எடுத்தும் ஆடலாம், டி.வி.யில் மாட்டியும் ஆடலாம். அதன் திறன் 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4ஐவிடக் குறைவு. விற்பனையோ 15 கோடிக்கு மேல்! யோகோய் 1997இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அவர் கொள்கை சாகவில்லை.

ஏழு துண்டுகள்

இத்தனை ஆட்டங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் 'டெட்ரிஸ்' என்பேன். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகக் கணினி மையத்தில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. அவர் பயன்படுத்திய 'எலெக்ட்ரோனிக்கா 60' கணினியில் படம் வரையவே வசதி இல்லை. ஆகவே அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அவற்றையே கட்டங்களாக்கினார். இந்த ஆட்டத்தில் எதுவும் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொரு கட்டமாக இறங்குகிறது. திரவப் படிகம் மெதுவாகவே நிலை மாறும். வேகமாக ஓடும் படம் அதில் இழுபட்டுத் தெரியும். டெட்ரிசுக்கு அந்தக் குறை ஒரு குறையே இல்லை. கேம் பாயில் அது அத்தனை பொருத்தமாக அமைந்தது இதனால்தான்.

நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்தால் 7 வடிவங்கள் கிடைக்கும். (கண்ணாடி பிம்பங்களை ஒன்றாகக் கொண்டால் 5.) கட்டம் போட்ட நோட்டில் வரைந்து சரிபாருங்கள். ஏழையும் அட்டையில் வெட்டிக்கொண்டால் மொத்தம் 28 சதுரங்கள். இவற்றை அடுக்கி 4க்கு 7 அளவுள்ள செவ்வகம் அமைக்க முடியுமா?

முயலுங்கள், வராது. காரணம் அழகானது. செவ்வகத்தைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளையாகத் தீட்டினால் 14 கறுப்பு, 14 வெள்ளை. ஆறு துண்டுகள் எங்கே வைத்தாலும் தலா 2 கறுப்பு, 2 வெள்ளையை மூடும். சூலம் போல நடுவில் துருத்திய துண்டு மட்டும் 3க்கு 1 என்று மூடும். கூட்டினால் 15க்கு 13. ஒருபோதும் 14க்கு 14 ஆகாது. ஒரு விளையாட்டுத் துண்டு இவ்வளவு நல்ல நிரூபணத்தைக் கையில் தருகிறது!

எது நல்ல ஆட்டம்?

ரசிகன் என்ற முறையில் நான் எந்த ஆட்டத்தையும் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். தோற்றால் ஏன் தோற்றேன் என்று எனக்குப் புரிகிறதா? அடுத்த முறை என் திறமையால் முன்னேற முடியுமா? நிறுத்த வேண்டுமென்று நினைத்தால் நிறுத்த விடுகிறதா?

பழைய அட்டைப்பெட்டி ஆட்டத்துக்கு ஒரே முறை காசு. அதன்பின் அது உங்களிடம் எதுவும் கேட்காது. இன்றைய கைப்பேசி ஆட்டங்கள் பல இலவசமாக வருகின்றன. பிறகு, காத்திருக்காமல் முன்னேற இவ்வளவு, புதிய உடைக்கு இவ்வளவு என்று கையை நீட்டுகின்றன. அங்கே முன்னேறுவது திறமையா, பணமா? பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களோ விளையாட்டே அல்ல, சூதாட்டம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் இணையச் சூதாட்டத்துக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. 2025இல் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் படிப்பும் உறக்கமும் கெடும் நிலையை, உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது. மூன்றாவது கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை.

விலை உயர்ந்த பெட்டி நம்மிடம் இல்லையே என்று வறண்ட நாட்டு மாணவர் யாரும் குறைப்பட வேண்டாம். பஜித்னோவின் கணினியைவிட உங்கள் பள்ளிக் கணினி அறையில் இருப்பது பல ஆயிரம் மடங்கு திறன் உள்ளது. அது இல்லாவிட்டாலும் கட்டம் போட்ட நோட்டு இருக்கிறது. அதில் 10க்கு 20 கட்டம் வரைந்து, கறுப்பு வெள்ளை மட்டும் கொண்டு, விதிகள் ஐந்துக்கு மேல் போகாமல் ஓர் ஆட்டம் அமையுங்கள். நண்பரோடு ஆடிப் பாருங்கள். அவர் இன்னொரு முறை ஆடலாம் என்று கேட்டால் உங்கள் ஆட்டம் தேறிவிட்டது.