பழைய ஆம்ப்ளிபயரா? இரைச்சலைக் கேட்டு விலை பேசுங்கள்!

இசைக்கருவி வியாபாரம் செய்யும் நம் அன்பர்களிடம் பழைய டிரான்சிஸ்டர் கிதார் ஆம்ப்ளிபயர்கள் கைமாறி வருவதுண்டு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் 120 போன்றவற்றுக்கு இன்றும் கிராக்கி இருக்கிறது. வால்வு மாற்றும் செலவு இல்லை. ஆனால் வயதுக்குரிய கோளாறுகள் உண்டு. எனவே கொள்முதலுக்கு முன் சோதித்துக்கொள்வது அவசியம்.

முதலில், பின்புறம் எழுதியுள்ள வோல்டேஜைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு 100 வோல்ட். அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும்.

அடுத்து, கிதார் ஒயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் கிதாரிலோ ஒயரிலோதான். வால்யூமை முழுதும் குறைத்தும் 'உம்' என்ற ரீங்காரம் தொடர்ந்தால், பில்டர் கண்டென்சர் உலர்ந்திருக்கலாம். ஓடாமல் கிடந்த சரக்குக்கும் இது வரும். குமிழைத் திருப்பும்போது 'கரகர' என்றால் பெரும்பாலும் உள்ளே அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் போதும். சத்தம் விட்டுவிட்டு வந்தால், பின்புறம் எபெக்ட்ஸ் சாக்கெட்டுகள் இருப்பின் இரண்டையும் சிறு ஒயரால் இணைத்துப் பாருங்கள். சரியானால் சாக்கெட்டில் களிம்பு.

ரீங்காரத்தை அடக்க எர்த் ஒயரை வெட்டிவிடுவோர் உண்டு. பின்னர் உள்ளே பழுது ஏற்பட்டால், கிதார் கம்பி வழியே வாசிப்பவர் கைக்கே மின்சாரம் பாயும். எர்த்தைச் சரிசெய்யாமல் அத்தகைய சரக்கை விற்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். உள்வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

கண்ட கோளாறையும் மாற்றிய பாகத்தையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். லாபம் சற்றுக் குறைந்தாலும் வாடிக்கையாளர் நம் கடையைத் தேடி மீண்டும் வருவார்.