"அவன் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்: சிறப்புக் குழந்தைகளின் காதுகளையும் கவனிப்போம்



 

பெரம்பலூர் மாவட்டத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீடு. தந்தை வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மூத்த பையனுக்கு டவுன் சின்ட்ரோம், ஒன்பது வயது. சில மாதங்களாக அவன் இரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு வலது காதைக் கையால் அடித்துக்கொண்டிருந்தான். மக்தபுக்குப் போக மறுத்தான், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளைத் தள்ளிவிட்டான். உறவினர் ஒருவர் தாயத்து கட்டச் சொன்னார், இன்னொருவர் ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்தார். மற்றவர்களெல்லாம் சொன்னது ஒரே வார்த்தை: "இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்மா." கடைசியில் தாயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனார். காதில் கல்லாக இறுகிப்போன குறும்பி இருந்தது. அதை எடுத்த பிறகு பார்த்தால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. பையனுக்குப் பாதிக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. காதுக்குள் ஏதோ சத்தமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை, அதனால் காதை அடித்துக் காட்டியிருக்கிறான்.

இந்தச் செய்தி நம் காதுக்கு வந்தபோதுதான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சின்ட்ரோம் என்று ஒரு பெயர் பிள்ளைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை செய்வதெல்லாம் அந்தப் பெயரின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. காது என்று தனியாக ஒன்று இருப்பதை வீட்டாரும் மறந்துவிடுகிறார்கள், சில நேரம் மருத்துவம் பார்ப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

உண்மையில் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் காதுப் பிரச்சினை அதிகம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுத் துவாரம் இயல்பிலேயே குறுகலானது. குறும்பி எளிதில் அடைத்துக்கொள்ளும், நடுக்காதில் நீர் சேரும். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைகிறது. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருந்த குழந்தை, இரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை கண்ட குழந்தை, அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் போடப்பட்ட குழந்தை ஆகியோருக்கும் காது நரம்பு பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. மூளை முடக்குவாதத்துக்குக் காரணமாகும் அதே மஞ்சள் காமாலை காதையும் விட்டுவைப்பதில்லை. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தைக்குக் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. உள்காதுக்குள் எலும்பு வளர்ந்து மூடிவிட்டால் பிறகு காக்ளியர் இம்பிளான்ட் வைப்பதும் சிரமமாகிவிடும்.

ஆட்டிசம் விஷயம் இன்னும் சிக்கலானது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது ஆட்டிசத்தின் அடையாளம், காது கேளாமையின் அடையாளமும் அதுவே. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கவும் கூடும். அதனால், "ஆட்டிசம்" என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்பே செவித்திறன் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் ஃபைலில் அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று இன்றைக்கே புரட்டிப் பாருங்கள்.

"சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் காது பரிசோதிப்பார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளை எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. ஓ.ஏ.இ. என்ற பரிசோதனையில் சிறு குமிழ் ஒன்றைக் காதில் வைத்து ஒலி அனுப்புவார்கள். உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியைக் கருவியே பதிவு செய்துகொள்ளும். சில நிமிட வேலை. பெரா என்ற பரிசோதனை, பிள்ளை தூங்கும்போது தலையில் ஒயர்களை ஒட்டி, ஒலி மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. இரண்டிலும் வலி கிடையாது. டெஸ்டுக்கு முந்தின இரவு பிள்ளையைத் தாமதமாகத் தூங்கவைத்து, அங்கே போய்ச் சேரும்வரை வண்டியில் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இது தெரியாமல் திருச்சி வரை போய், பிள்ளை முழித்துக்கொண்டு அழுததால் திரும்பி வந்த தாய்மார்கள் நம்மிடையே உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அப்போது குழந்தை அசைந்தது, கண் விழித்தது, அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று சில பெரியவர்கள் தைரியம் சொல்வார்கள். மூச்சுக்காற்று பட்டாலும் குழந்தை அசையும். அது பரிசோதனை ஆகாது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பதே உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

இனி காது இரைச்சலுக்கு வருவோம். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பார்கள். வெளியே எந்தச் சத்தமும் இல்லாமலே காதுக்குள் 'குய்ங்' என்றோ, வண்டு ரீங்காரமாகவோ, விசிலாகவோ கேட்பது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காதபோது வால்யூமைக் கூட்டினால் 'கொர்ர்' என்று இரையுமே, கிட்டத்தட்ட அப்படித்தான் இதுவும். காதிலிருந்து வரும் ஒலி குறையும்போது மூளை தன் வால்யூமைக் கூட்டுகிறது, அந்த இரைச்சல்தான் கேட்கிறது. அதனால்தான் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு இது அதிகம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்த சகோதரர்களைக் கேட்டால் இதன் தொல்லையைச் சொல்வார்கள். அவர்களால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

சொல்ல முடியாதவர் என்ன செய்வார்? காதை அடிப்பார், தலையைச் சுவரில் மோதுவார், காதுக்குள் விரலையோ குச்சியையோ விடுவார். பகலில் பரவாயில்லை, வீடு அமைதியாகும் இரவில்தான் தொல்லை அதிகமாகும். ஓரளவு பேசும் பிள்ளையாக இருந்தால், "காதுல சத்தம் கேட்குதா?" என்று கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. "எப்படிக் கேட்குது, நீ சத்தம் போட்டுக் காட்டு" என்று கேளுங்கள். வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்றோ 'ங்ங்ங்' என்றோ செய்துகாட்டும் பிள்ளை உங்களுக்குப் பெரிய தகவலைக் கொடுத்துவிட்டது. எத்தனை மணிக்கு, எந்தக் காதைப் பிடித்தான் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். செல்போனில் எடுத்த அரை நிமிட வீடியோவும் உதவும்.

காதில் யாரோ பேசுவதாகக் கேட்டால் அது வேறு, மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டியது. இரைச்சலோ, பேச்சோ, எதுவானாலும் உடனே ஜின் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் அலைவதை நாம் ஏற்க முடியாது. துஆ செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தான்.

டின்னிடஸை ஒரேயடியாகப் போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. அப்படிச் சொல்லி ஆன்லைனில் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். குறும்பி, நீர், சீழ் போன்ற காரணம் இருந்தால் அதைச் சரிசெய்தாலே பலருக்குக் குறையும். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது மெஷின் மாட்டியதும் இரைச்சல் பின்னுக்குப் போய்விடுவது உண்டு. இரவில் முழு அமைதி வேண்டாம், ஃபேன் சத்தமோ மழைச் சத்தமோ மெல்லிதாக ஓடட்டும். கிராஅத்தைப் போட்டு விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குர்ஆன் ஓதப்பட்டால் செவிதாழ்த்திக் கேட்க வேண்டும், அதைப் பின்னணிச் சத்தமாக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. ஃபேனே போதும். வெதுவெதுப்பான எண்ணெய், பூண்டுச் சாறு, பட்ஸ், ஹேர்பின் எதுவும் காதுக்குள் போக வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக உள்ளே போய்விடும்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். இதயத் துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று ஒரே காதில் கேட்டாலும், முகம் ஒருபக்கம் கோணினாலும், காதில் இரத்தமோ நாற்றமுள்ள சீழோ வந்தாலும் ஊர் வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

எங்கே போவது? பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்காக மாவட்டம்தோறும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்களை அரசு நடத்துகிறது. அங்கே போய் "காது டெஸ்ட் வேண்டும்" என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். பல குறைபாடுகள் சேர்ந்து இருக்கும் பிள்ளைகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்குகிறது. தூரம்தான். ஆனால், "இந்தப் பிள்ளைக்கு டெஸ்ட் எடுக்க முடியாது" என்று யாராவது கைவிரித்திருந்தால் ஒருமுறை போய்வருவது வீணாகாது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் அதில் வருகிறது. "அவனுக்கு ஏற்கெனவே மூளை வளர்ச்சி இல்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது" என்று ஆறு வயதைக் கடத்திவிட்ட வீடுகளை நாம் அறிவோம். எந்தப் பிள்ளைக்கு எது பலன் தரும் என்பதை டாக்டர் சொல்லட்டும், அக்கம்பக்கத்தார் சொல்ல வேண்டாம். காது கேட்கும் கருவிக்கு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பல குறைபாடுகள் சேர்ந்து இருப்பதும் அதில் ஒரு வகை. ஏற்கெனவே மனவளர்ச்சிக் குறைபாட்டுக்குச் சான்று வாங்கியவர்கள், காதுக் குறையையும் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

கருவி வாங்குவது எளிது, பிள்ளை காதில் அது நிற்பதுதான் பாடு. முதல் நாளில் ஐந்து நிமிடம், பிடித்த விளையாட்டின்போது மட்டும் மாட்டிவிட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். கழற்றி எறிந்தால் தொலையாமலிருக்க நூல் கட்டிச் சட்டைக் காலரில் கிளிப் போட்டுவிடுங்கள். பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டு உள்ள மாடலையே கேளுங்கள். வாயில் எதையும் போடும் பிள்ளை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். பெண் பிள்ளைகள் ஹிஜாபை இறுக்கிக் கட்டினால் துணி மைக்கில் உரசும், கருவி விசில் அடிக்கும். காதுப் பக்கம் தளர்வாக, மெல்லிய காட்டன் துணியில் கட்டிவிடுங்கள். ஒளுச் செய்யும்போது கருவியைக் கழற்றிவைத்து, காதைத் தடவி, ஈரம் உலர்ந்தபின் மாட்ட வேண்டும். ஆபரேஷன் புண் ஆறும்வரை என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களின் ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு வந்தால் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்காரவைக்காதீர்கள், அந்தச் சத்தம் சிலருக்கு வலியாகவே இருக்கும். மக்தபில் உஸ்தாதின் முகம் தெரியும்படி முன்வரிசையில், நன்றாகக் கேட்கும் காது அவர் பக்கம் இருக்கும்படி இடம் கொடுங்கள். சென்னையில் சில பள்ளிவாசல்களில் ஜும்ஆ பயானைச் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்கிறார்கள், நம் மாவட்டங்களிலும் முயலலாம். கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்பவராக இருந்த வரலாறு நமக்குத் தெரியாததல்ல.

ஆரம்பத்தில் சொன்ன பையனுக்குச் செவிப்பறையில் சிறு குழாய் வைத்து நீரை வடியவிட்டார்கள். இப்போது இரவில் தூங்குகிறான். அவனுடைய அத்தா வளைகுடாவிலிருந்து வீடியோ கால் போட்டால், முன்பெல்லாம் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது குரல் கேட்டதும் சமையலறையிலிருந்தே ஓடிவருகிறானாம். அல்ஹம்துலில்லாஹ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறும்பியும் குழாயும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தேதியை அந்தத் தாய் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.