ஆக்கியின் 60,000 தலைமுடிகள்

ஃபைனல் ஃபேன்டஸி கேம் ரசிகர்களிடம் 2001-ல் வெளிவந்த 'தி ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் முகம் சுளிப்பார்கள். நானும் அந்த கேம்களின் ரசிகன்தான். ஆனாலும் இந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். இன்னும் பார்ப்பேன்.

முதலில், புதியவர்களுக்குச் சில விவரங்கள். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட கேம் ஃபைனல் ஃபேன்டஸி. அதை உருவாக்கிய ஹிரோநொபு சகாகுச்சியே இந்தப் படத்தையும் இயக்கினார். இதற்காக ஹவாயில் தனி ஸ்டூடியோவே அமைத்தார்கள். நடிகர்கள் குரல் மட்டும்தான் கொடுத்தார்கள். திரையில் தெரியும் மனிதர்கள் அனைவரும் கம்ப்யூட்டரில் உருவானவர்கள்.

உருவத்தின் வடிவம், நிறம், அதன் மேல் விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் கணக்கிட்டு கம்ப்யூட்டர் ஒரு படமாக வரைந்து தருவதை 'ரெண்டரிங்' என்பார்கள். பெரிய போட்டோ ஒன்றுக்கு எஃபெக்ட் கொடுத்துவிட்டு மானிட்டரைப் பார்த்தபடி காத்திருப்பீர்களே, அதற்குப் பெரியண்ணன் இது. இந்தப் படத்தில் 1,41,964 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாக 90 நிமிடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரே கம்ப்யூட்டரிடம் விட்டிருந்தால் இரவு பகலாக 24 வருடங்களுக்கு மேல் ஓடியிருக்கும்! அதனால்தான் 933 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கம்ப்யூட்டர்கள் 960-ஐ வரிசையாக வைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். கதாநாயகி ஆக்கி ராஸுக்கு மட்டும் சுமார் 60,000 தலைமுடிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்.

அந்த முடி அழகுதான். ஆனால் ஆக்கியின் முகம் எனக்கு ஒட்டவில்லை. வழவழப்பாக, கடை பொம்மை போல இருக்கிறது. அவருடைய ஆசிரியர் டாக்டர் சிட் வேறு ரகம். நெற்றிச் சுருக்கம், தோலில் உள்ள புள்ளிகள், தளர்ந்த கன்னம் என்று நிஜக் கிழவரேதான். குறையில்லாத முகத்தைக் கண்டால் மனம் சந்தேகப்படுகிறது போலும். மனித உருவம் நிஜத்தை நெருங்க நெருங்க ஒரு கட்டத்தில் பார்ப்பவருக்கு நெருடல் வரும் என்று ஜப்பானிய விஞ்ஞானி மசஹிரோ மோரி 1970-லேயே எழுதியிருக்கிறார்.

ரசிகர்களின் பெரிய குறை வேறு. "வாள் இல்லை, மந்திரம் இல்லை, சொகோபோ பறவை மேல் சவாரி இல்லை. இதற்கு எதற்கு இந்தப் பெயர்?" என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வரிசை எண் மாறும்போது கேமிலும் புது உலகம், புது மனிதர்கள்தானே வருகிறார்கள்? தவிர, 1997-ல் வந்த ஏழாவது கேமில், உயிர்கள் எல்லாம் கிரகத்திலிருந்து பிறந்து கிரகத்துக்கே திரும்புகின்றன. 2065-ல் நடக்கும் இந்தப் படத்தின் கதைக்கும் அடிப்படை அதே எண்ணம்தான்.

என் வருத்தம் இது: கேமில் ஒரு கூட்டத்தோடு முப்பது, நாற்பது மணி நேரம் ஊர் சுற்றுகிறோம். அதில் ஒருவர் இறந்தால் சாப்பாடு இறங்காது. இங்கே ரயன், நீல், ஜேன் என்ற மூன்று வீரர்கள் அடுத்தடுத்துப் போய்விடுகிறார்கள். அவர்களை நமக்குச் சரியாக அறிமுகம்கூடச் செய்யவில்லை. அத்தனை கம்ப்யூட்டர்கள் இருந்தும் அந்தப் பத்து நிமிடப் பேச்சை எழுத யாரும் உட்காரவில்லை.

சுமார் 13 கோடியே 70 லட்சம் டாலர் செலவு. உலகம் முழுவதும் வசூல் 8 கோடியே 50 லட்சம்தான். ஆக்கியை வேறு படங்களிலும் 'நடிக்க' வைக்கும் திட்டம் அதோடு போயிற்று. 'அனிமேட்ரிக்ஸ்' தொகுப்புக்காக ஒரு குறும்படம் செய்து கொடுத்ததோடு ஹவாய் ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள்.

ரசிகர்கள் கேட்டது 2005-ல் 'அட்வென்ட் சில்ட்ரன்' வடிவில் கிடைத்தது. கிளவுட், பெரிய வாள், மோட்டார் பைக் எல்லாம் உண்டு. நான் ரசித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இது யாருண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கேமைத் தொடாதவர்களுக்கு 'தி ஸ்பிரிட்ஸ் விதின்'தான் சரி.

டிவிடி கிடைத்தால் கம்ப்யூட்டரிலேயே போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். படத்தில் பாதி இருட்டு. டாக்டர் சிட்டின் முகம் பெரிதாக வரும் இடத்தில் பாஸ் செய்து, அந்த நெற்றியைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.