லயங்களுக்கு இடையே எழும் வீடுகள்

நகரத் திட்டமிடலில் 'இடைநிரப்பு வீடமைப்பு' எனப்படுவது, மக்கள் நெடுங்காலம் வாழ்ந்து காலத்தால் சிதைந்துபோன ஒரு குடியிருப்பை முற்றாக இடித்துத் தள்ளாமலும், அங்குள்ளோரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தாமலும், அந்தக் குடியிருப்புக்குள்ளேயே வெறுமையாகக் கிடக்கும் துண்டு நிலங்களிலும் இடிந்த கட்டடங்களின் மனைகளிலும் புதிய வீடுகளை எழுப்பும் முறையாகும். பாதை, மின்சாரம், பாடசாலை, கடை, கோயில், அயலார் உறவு ஆகியவை ஏற்கெனவே அமைந்திருப்பதால், அவற்றையெல்லாம் புதிதாக உண்டாக்கும் செலவும் உழைப்பும் இம்முறையில் மிச்சமாகின்றன.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இடையிடையே வெற்றிடங்கள் விழுந்து, பின்னர் அரசின் இடிப்புத் திட்டங்களாலும் நலிந்த மேற்கு பெர்லினின் கிரொய்ட்ஸ்பெர்க் பகுதியில், 1980களில் கட்டடக்கலைஞர் ஹார்ட்-வால்தெர் ஹேமர் வழிநடத்திய புதுப்பிப்புப் பணி, குடியிருப்போரைக் கலந்தே திட்டமிட வேண்டும், இடிப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்னும் நெறிகளை முன்வைத்து உலகின் கவனத்தைப் பெற்றது. அதே காலத்தில் இலங்கையில், 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் கீழ், கொழும்பின் சேரிகளில் குடியிருப்போரே கூடிப் பேசி மனைகளைப் பிரித்துக்கொள்ளவும், வழக்கமான கட்டட விதிகளைத் தளர்த்தி இரண்டு பேர்ச்சஸ் அளவான சிறு மனைகளிலும் வீடு கட்டிக்கொள்ளவும் வழிசெய்யப்பட்டது. பின்னாளில் கொழும்பு அந்த வழியை விட்டு விலகி, சேரி மக்களை அடுக்குமாடிகளுக்கு ஏற்றும் வழியைத் தேர்ந்துகொண்டது வேறு கதை.

நகரின் நடுவே உள்ள பழைய குடியிருப்புக்கும் சப்ரகமுவ மாகாணத்தின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களுக்கும் தொடர்பில்லை என்று தோன்றக்கூடும். ஆனால் நெருக்கம், பழைமை, நில உரிமையின்மை, பொது வசதிகளின் போதாமை ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டால், நூறாண்டைத் தாண்டிய தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம், எந்த நகரத்தின் சிதைந்த தெருவுக்கும் சளைத்ததன்று. இரத்தினபுரி மாவட்டத்தில், ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும் ஈரவலயச் சரிவுகளில் அமைந்த நிவித்திகல பிரதேசம் இதை ஆராய்வதற்குப் பொருத்தமான இடமாகும். ஏனெனில் இங்கே தோட்டமும் சிங்களக் கிராமமும் சிறுதேயிலைக் காணியும் மாணிக்கக் குழியும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன, வீடு கட்டத்தக்க நிலமோ இவற்றின் இடுக்குகளில்தான் கிடைக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்காக உருவாகி, பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்கும் அப்படியே கைமாறிய லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளைக் கொண்ட நீண்ட கட்டடமாகும். 'காம்பரா' என்று தோட்டத்து மக்கள் அழைக்கும் ஓர் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. அதன் முன்னே இஸ்தோப்பு எனப்படும் ஒரு திண்ணை. சில லயங்கள் ஒற்றை வரிசையாகவும், சில முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவும் கட்டப்பட்டன. பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்துப் புதிய குடும்பங்கள் தோன்றியபோது புதிய காம்பராக்கள் கட்டப்படாமையால், மக்கள் தாங்களே இஸ்தோப்பை அடைத்து அறையாக்கினர், பின்புறத்தில் தகரம் சாய்த்துக் குசினி இறக்கினர், தொங்கல் எனப்படும் கடைசிக் காம்பராவின் பக்கச்சுவரை ஒட்டி இன்னோர் அறை எழுப்பினர். எந்தத் திட்ட வரைபடத்திலும் இடம்பெறாத இந்தச் சேர்ப்புகளே தோட்டங்களின் முதலாவது இடைநிரப்பு வீடமைப்பு என்று கூறலாம். அதிகாரிகள் இவற்றை அனுமதியற்ற கட்டுமானங்களாகவே கருதினாலும், எங்கே வெயில் படும், எங்கே பீலித் தண்ணீர் எட்டும், எந்த ஓரத்தில் மழைநீர் புகாது என்னும் அறிவு அவற்றில் பதிந்திருக்கிறது.

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தின் எல்லை முடியுமிடத்தில் அடுத்த தோட்டம் தொடங்கும். சப்ரகமுவவில் நிலை அதுவன்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் நடைமுறைக்கு வந்தபின் இப்பகுதியின் தோட்டக் காணிகளில் கணிசமான பங்கு துண்டாடப்பட்டது. 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர்மீது நிகழ்ந்த தாக்குதல்களால் பல குடும்பங்கள் வன்னிக்குப் பெயர்ந்தன. எஞ்சியோர் சிறு சிறு தொகுதிகளாகச் சிதறி வாழ்வதால், இங்கே பெரிய வீடமைப்புத் தொகுதி ஒன்றை ஒரே இடத்தில் அமைத்துப் பல தோட்டத்தாரைக் குடியேற்றுவது, பள்ளிக்கும் வேலைத்தலத்துக்கும் உள்ள தூரத்தை நீட்டுவதோடு, பிள்ளைகளைத் தமிழ்மொழிப் பாடசாலையிலிருந்து மேலும் விலக்கிவிடக்கூடும். நகரத்தில் செலவுச் சிக்கனத்துக்காகப் பரிந்துரைக்கப்படும் இடைநிரப்பு முறை, இங்கே ஒரு சிறு சமூகம் சிதறிவிடாமல் காக்கும் வழியாகவும் ஆகிவிடுகிறது.

தோட்ட நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தொடர்ந்து, வீடமைப்பும் நலன்புரியும் தனியான ஒரு நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பாயின. அதுவே இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்னும் பெயரில் இயங்குகிறது. தொடக்கத்தில் லயங்களின் கூரையை மாற்றுவதும், மலசலகூடம் கட்டுவதும், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே தொழிலாளருக்குக் கடன் வழங்கித் தாமே வீடு கட்டச் செய்வதுமே நடைபெற்றன. 2015க்குப் பின்னர், காணி உறுதியோடு கூடிய 7 பேர்ச்சஸ் நிலத்தில் தனித்தனி வீடு என்னும் கொள்கை வேரூன்றியது. இந்திய அரசின் உதவியில் முதலில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கென 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்தவாறு மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. ஏறத்தாழ 550 சதுர அடி கொண்ட இவ்வீடு, ஒரு காம்பராவைப் போல் நான்கரை மடங்கு பெரியது.

சிக்கல் கணக்கில் தொடங்குகிறது. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்றே மிகுதி. 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட ஒற்றை வரிசை லயம் ஒன்று, இஸ்தோப்பும் குசினியும் உட்பட 120 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அது அமர்ந்திருக்கும் நிலம் 3,000 சதுர அடி, அதாவது 11 பேர்ச்சஸ் மட்டுமே. அந்தப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் ஆளுக்கு 7 பேர்ச்சஸ் வீதம் வழங்க 84 பேர்ச்சஸ் வேண்டும். பாதைக்கும் கான் எனப்படும் வடிகாலுக்கும் ஒதுக்கும் நிலம் இதற்கு வெளியே. ஒரே காம்பராவில் இரண்டு குடும்பங்கள் இருப்பின் தேவை இன்னும் கூடும். ஆகவே, லயத்தை இடித்து அதே இடத்தில் அனைவருக்கும் தனி வீடு என்பது எண்ணிக்கையிலேயே இயலாதது. லயத்தைச் சுற்றியுள்ள தேயிலை அல்லது இறப்பர் நிலத்தில் ஒரு பகுதியைக் கம்பனி விட்டுக்கொடுத்தாக வேண்டும். நல்ல விளைச்சல் தரும் நிலத்தை எந்த நிர்வாகமும் எளிதில் விட்டுத்தராது. எனவே வீட்டுக்கென ஒதுக்கப்படுவது பெரும்பாலும் பயிருக்கு உதவாத செங்குத்துச் சரிவாகவோ பள்ளத்து ஓரமாகவோ அமைந்துவிடுகிறது. நிவித்திகல போன்ற மாணிக்கக்கல் பிரதேசத்தில், அடியில் இல்லம் எனப்படும் மாணிக்கப் படிவு இருக்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்பும் நிலத்தின் மதிப்பைக் கூட்டி, வீட்டுக்காக அதைப் பிரித்துக் கொடுக்கும் முடிவை மேலும் கடினமாக்குகிறது.

செங்குத்துச் சரிவில் வீடு கட்டுவதன் விலை 2003 மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தை உலுக்கிய வெள்ளத்திலும் மண்சரிவுகளிலும் தெளிவானது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியிலும், 2017 மே மாதத்தில் மீண்டும் இரத்தினபுரியிலும் அது நினைவூட்டப்பட்டது. பழைய லயங்கள் எல்லாமே பாதுகாப்பான இடத்தில் கட்டப்பட்டவை என்று கொள்ள முடியாது. எனினும், அவற்றில் பல தலைமுறைகளாக நிலைத்து நின்றமைக்குத் தோட்டமெங்கும் சமவுயரக் கோட்டில் வெட்டப்பட்டு ஒழுங்காகத் துப்புரவு செய்யப்பட்டுவந்த கான்கள் ஒரு காரணமாகும். மேட்டிலிருந்து வரும் மழைநீரை வேகம் தணித்து ஓடைக்குத் திருப்பும் இந்தக் கான்களை, புதிய வீட்டு முற்றங்களுக்காக மண்ணை வெட்டி நிரவும்போது பலர் அறியாமலே மூடிவிடுகின்றனர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே தோண்டப்படும் மலசலகூடக் குழியும், குழாய்வழி வந்து குசினிப் பின்புறத்தில் நாள்தோறும் வடியும் நீரும் சரிவின் மண்ணுக்குள் ஊறி அதன் பிடிப்பைத் தளர்த்துகின்றன. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமானத்துக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை பெறப்படவேண்டும் என்னும் விதி பயனுள்ளதே. ஆனால் தனி மனையைப் பார்த்து எழுதப்படும் அறிக்கை, நாற்பது வீடுகளின் கழிவுநீரும் சேர்ந்து கீழ்ச்சரிவுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. இடைநிரப்பு முறையில் குடியிருப்பின் அடர்த்தி கூடிக்கொண்டே போவதால், இங்கே மதிப்பிடப்படவேண்டியது முழுச் சரிவே.

பெர்லினிலும் கொழும்பிலும் இடைநிரப்பு வீடு எழுந்தது ஏற்கெனவே வெறுமையான அல்லது வெறுமையாக்கப்பட்ட இடத்தில். தோட்டத்திலோ, புதிய வீட்டுக்குக் குடும்பம் பெயர்ந்தபின்னும் பழைய காம்பரா நின்றுகொண்டிருக்கிறது. மணமான மகனோ தம்பியோ அதில் குடியேறுகிறார். அவ்வாறு குடியேறுவதில் தவறும் இல்லை, ஏனெனில் அவருக்கும் வேறு வீடில்லை. சங்கிலிபோல் பக்கச்சுவர்களைப் பகிர்ந்துகொள்ளும் லயத்தில் பத்துக் குடும்பங்கள் வெளியேறி இரண்டு குடும்பங்கள் எஞ்சினாலும் கட்டடத்தை இடிக்க இயலாது. ஒரே கூரையாதலால் பாதியை இடித்துப் பாதியைக் காப்பதும் கடினம். இதன் விளைவாகக் குடியிருப்பின் மிகச் சமதளமான, பாதைக்கு மிக அண்மையிலுள்ள, நீர்க்குழாயும் மின்கம்பமும் ஏற்கெனவே எட்டியுள்ள நிலம், சிதைந்த லயத்தின் கீழே முடங்கிக் கிடக்க, புதிய வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகின்றன. பயனாளிகளைத் தோட்டம் தோட்டமாக இத்தனை பேர் என்று பிரித்துத் தெரிவு செய்யாமல், ஒரு முழு லயத்தின் குடும்பங்களை ஒரே கட்டத்தில் தெரிவு செய்தால் மட்டுமே அந்த நிலம் மீளும். வீட்டு எண்ணிக்கையை எல்லாத் தோட்டங்களுக்கும் சமமாகப் பகிர விரும்பும் அரசியலுக்கு இது உவப்பானதன்று.

மீண்ட லய நிலத்தை என்ன செய்வது என்னும் கேள்விக்கு விடை, காணியின் உரிமையோடு பிணைந்தது. தோட்டக் காணி அரசுக்குரியது. கம்பனிகள் 2045 வரையிலான நீண்டகாலக் குத்தகையில் அதை வைத்திருக்கின்றன. எனவே ஒரு மனையை விடுவிப்பதற்கே அமைச்சு, நிதியம், கம்பனி, பிரதேச செயலகம், நில அளவைத் திணைக்களம் எனப் பல கைகள் ஒத்துழைக்க வேண்டியுள்ளது. உறுதி கைக்கு வருமுன்பே வீடு கட்டி முடிந்து குடும்பம் குடியேறிவிடுவதும் உண்டு. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை வழங்க இடமளிக்கும் வகையில் அவற்றின் சட்டம் 2018இல் திருத்தப்பட்டதால், பாதையும் வடிகானும் தெருவிளக்கும் இனிக் கம்பனியின் தயவை மட்டும் நம்பியிருக்கவேண்டியதில்லை என்றாலும், சபையின் நிதி அங்கே எந்த அளவுக்குச் சென்றடையும் என்பது ஒவ்வொரு சபையின் விருப்பத்தையும் வருமானத்தையும் பொறுத்தது.

11 பேர்ச்சஸ் லய நிலத்தில் 7 பேர்ச்சஸ் மனையாக ஒன்றரை மனைதான் தேறும். அதே நிலத்தில் இரண்டு தளங்களாக, நடுச்சுவரைப் பகிரும் வீடுகள் கட்டினால் ஆறு குடும்பங்கள்வரை வாழலாம். நூறாண்டாகச் சுவரைப் பகிர்ந்து வாழ்ந்து சலித்தவர்களிடம் மீண்டும் பொதுச்சுவரைப் பற்றிப் பேசுவது எளிதன்று; தனி வீடு, தனி வேலி, ஒரு தோடை மரம், நாலு கோழி என்னும் விருப்பம், வெறும் வசதிக்கான ஆசை மட்டுமன்று, லயத்திலிருந்து விடுபட்டதன் அடையாளமும்கூட. ஆயினும் வயோதிபர் மட்டும் தனித்து வாழும் குடும்பங்களுக்கும், தோட்ட வேலையை விட்டு இரத்தினபுரிக்கோ கொழும்புக்கோ தொழிலுக்குச் சென்றுவரும் இளையோருக்கும், சரிவின் மேட்டில் உள்ள ஏழு பேர்ச்சஸைவிடப் பாதையோரத்து மாடி வீடு உகந்ததாயிருக்கக்கூடும். தளம் தளமாக வீட்டுரிமை வழங்கத் தேவையான சட்ட அடிப்படை, தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. எந்தக் குடும்பத்துக்கு மனை, எந்தக் குடும்பத்துக்கு மாடி என்பதை லயத்து மக்களைக் கூட்டிக் கேட்டு முடிவுசெய்யும் முறையும், கொழும்பின் சேரிகளில் 1980களிலேயே கையாளப்பட்டதுதான்.