வீட்டு மேசையில் ஒரு விமானி அறை

பத்தாம் வகுப்பு மாணவி

ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர் தரையிலேயே உட்கார்ந்து பாதி வித்தையைக் கற்றுவிடுகிறார் என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். விமானிகளுக்கான பெரிய பயிற்சி நிலையங்களில், அசலான விமானி அறையைப் போலவே கட்டப்பட்ட பெரிய அறைகள் இருக்கின்றன. அவை இயந்திரக் கால்களின்மேல் நின்று ஆடும், சாயும், குலுங்கும். இவற்றுக்கு சிமுலேட்டர் என்று பெயர்; பாவனை விமானம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பெரிய கருவியின் கடைசித் தங்கையை நம் வீட்டு மேசையின்மேலும் வைத்துக்கொள்ள முடியும். கணிப்பொறி ஒன்று இருந்தால், அதற்கு வேண்டிய கைப்பிடியையும் மிதிகளையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் ஒரு சிறு வரலாறு. அமெரிக்காவில் பிங்காம்டன் என்னும் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். மகனுக்கோ விமானப் பைத்தியம். ஆனால் பறக்கக் கற்றுக்கொள்ள ஆகும் செலவு மிக அதிகம். இசைப்பெட்டியில் காற்றை ஊதும் துருத்தி இருக்கிறதல்லவா? ஆர்மோனியம் வாசிக்கும்போது நாம் இடக்கையால் அசைப்போமே, அதே வகைதான். அத்தகைய துருத்திகளை ஒரு மரப்பெட்டிக்கு அடியில் வைத்து, பெட்டிக்குள் இருப்பவர் கோலை அசைக்கும்போது பெட்டியே சாயும்படி 1929-ஆம் ஆண்டில் அவர் செய்தார். தொடக்கத்தில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்களே! 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் கொண்டுபோய்ப் பலர் மாண்ட பிறகுதான் இராணுவம் கண் விழித்து ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப் பெட்டியில் பழகினார்கள். ஆகவே பாவனை விமானம் பணக்காரர்களின் பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. கையில் காசில்லாத ஓர் இளைஞரின் யோசனையிலே பிறந்தது. இதை என் அப்பாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சரி, நம் மேசைக்கு வருவோம். ‘ஃபிளைட்கியர்’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ‘எக்ஸ்-பிளேன்’, ‘மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்’ ஆகியவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டும். பின்னதற்கு வலிமையான கணிப்பொறியும் வேண்டும். எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருக்கிறது. அதில் ஃபிளைட்கியர் ஓடும். படம் மட்டும் தத்தித் தத்தி வரும். எந்த மென்பொருளானாலும் கைப்பிடி ஒன்றேதான், யு.எஸ்.பி. துளையில் செருகினால் மூன்றும் ஏற்றுக்கொள்ளும்.

விசைப்பலகையின் பொத்தான்களாலேயே ஓட்டக்கூடாதா என்று கேட்கலாம். ஓட்டலாம், ஆனால் பழக முடியாது. பொத்தான் என்பது மின்விளக்கின் சுவிட்சு மாதிரி: ஒன்று எரியும், அல்லது அணையும். விமானத்துக்கு வேண்டியதோ தண்ணீர்க் குழாய் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது. விமானத்தில் நம் கையும் காலும் நான்கு காரியங்களைச் செய்கின்றன. கோலை இடவலமாகச் சாய்த்தால் சிறகு சாயும். முன்னால் தள்ளினால் மூக்கு இறங்கும், பின்னால் இழுத்தால் ஏறும். கால்மிதிகள் வாலிலுள்ள சுக்கானைத் திருப்பும். நான்காவது, இஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். இந்த நான்கையும் படிப்படியாக அசைக்கும் கருவி எதுவோ அதைத்தான் நாம் வாங்க வேண்டும். மற்றப் பொத்தான்களும் வண்ண விளக்குகளும் எத்தனை இருந்தாலும் அவை அலங்காரமே.

நான்கும் ஒன்றாக வருவது ஜாய்ஸ்டிக். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ என்பதில் கோலைச் சாய்ப்பதோடு, அதையே திருகினால் சுக்கான் வேலை செய்யும். அடியில் ஒரு சிறு நெம்புகோல் த்ராட்டிலாக இருக்கும். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்பதும் இவ்வகையே. அதற்கு ஒரு தனிச் சிறப்பு, கைப்பிடியின் பக்கங்களை மாற்றி இடக்கைக்கும் பொருத்தலாம். இடக்கைப் பழக்கமுள்ள தோழியருக்கு மட்டுமே இது நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். ஏர்பஸ் விமானத்தில் காப்டன் இடப்பக்கம் அமர்ந்து இடக்கையால்தான் கோலைப் பிடிக்கிறார். வலக்கை த்ராட்டிலில் இருக்கும்.

வெளியே அழகாகத் தெரியும் கோலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். பல கோல்களில் பொட்டென்ஷியோமீட்டர் என்ற பொருள் இருக்கிறது. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு இதுவே. ஒரு கரித்தடத்தின்மேல் உலோக நாக்கு உரசிச் செல்லும். நாளடைவில் தடம் தேயும், தூசி அடையும். பழைய ரேடியோவில் திருகும்போது ‘கரகர’ என்று கேட்குமே, அந்தக் கரகரப்பு இங்கே விமானத்தின் நடுக்கமாகத் தெரியும். இதற்கு மாற்றாக வந்தது ஹால் உணர்வி. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவை வைத்து, ஒரு சிறு காந்தம் நகர்வதைத் தொடாமலே அளக்கிறது. உரசலே இல்லாததால் தேய்மானமும் இல்லை. டி.16000எம் கோலின் சாய்வு அசைவுகளுக்கு இந்த முறையே. விலை சற்றுக் கூடினாலும், வாங்குவது ஒரே முறை என்று நினைக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

காரின் ஸ்டியரிங்கைப் பாதியாக வெட்டியது போன்ற யோக் என்ற பிடியும் உண்டு. தூத்துக்குடி வாகைக்குளத்துக்குச் சென்னையிலிருந்து வரும் ஏ.டி.ஆர். விமானத்திலும், பல பயிற்சிப் பள்ளிகளில் உள்ள செஸ்னா 172-இலும் யோக்தான். ஹனிகோம்ப் ஆல்பா என்பது 180 பாகை முழுதும் திரும்பும். பிடிப்பதற்கு உண்மையான செஸ்னாவைப் போலவே இருக்கும் என்கிறார்கள். ஆனால் விலையும் பல மடங்கு, மேசையில் இடமும் அதிகம் வேண்டும். யோக் இருந்தால்தான் உண்மையான விமானி என்பதும் சரியன்று. உத்தரப்பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்ச் என்னும் ஊரிலுள்ள இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சிக் கழகத்தில் மாணவர்கள் பழகும் டயமண்ட் டி.ஏ. 40 விமானத்தில் கோல்தானே இருக்கிறது!

மிதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அவற்றைத்தான் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். நம்மில் பலர் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறோம். சைக்கிளில் இடக்கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். விமானத்தில் இடக்காலை அழுத்தினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். முற்றிலும் தலைகீழ்! இதைக் கைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காலே பழக வேண்டும். கோலைத் திருகிப் பழகியவருக்கு இந்தக் காற்பழக்கம் வரவே வராது.

கடையில் விற்கும் மிதிகள் கோலைவிட விலை அதிகம். எனவே பாலிடெக்னிக்கில் படிக்கும் பெரியப்பா மகன் அண்ணன் ஒரு வழி சொன்னார். இரண்டு பலகை, நடுவில் ஆணியிட்ட ஒரு குறுக்குச் சட்டம். தச்சர் அரை நாளில் செய்து கொடுத்தார். சட்டம் சுழலும் இடத்தில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று. அதன்மேல் ‘பி’ என்று எழுதியிருக்க வேண்டும். அதாவது திருகுவதற்கு ஏற்பச் சீராக மாறுவது. ‘ஏ’ என்றால் ரேடியோ சத்தத்துக்கானது, நமக்கு உதவாது. அதன் இரு ஓரக் கால்களை 5 வோல்ட்டிலும் தரையிணைப்பிலும், நடுக்காலை ஆர்டுயினோ லியனார்டோ என்ற சிறு பலகையிலும் இணைத்தால், கணிப்பொறி அதை ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்ளும்படி நிரல் எழுதலாம். அந்தப் பலகை முழுத் திருகலை 1024 படிகளாகப் பிரிக்கும். மிதி அசைவது 40 பாகை, பொட்டென்ஷியோமீட்டர் திரும்புவதோ 270 பாகை. ஆகவே நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 150 படி. கோலுக்கு இது போதாது, காலுக்குத் தாராளம். மிதி தானாக நடுவுக்குத் திரும்ப, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இருபுறமும் கட்டினோம். “என் தையல் மிஷின் மிதியை எங்கே கழற்றிவிடுவாளோ என்று பயந்தேன்” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

த்ராட்டிலுக்குத் தனிக் கருவி வேண்டாம். கோலில் இருக்கும் சிறு நெம்புகோலே போதும்.

இனிப் பொருத்துதல். விலையுயர்ந்த கோல் ஆடும் மேசையில் இருப்பதைவிட, சாதாரணக் கோல் அசையாமல் இருப்பது மேல். கோலின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு இடலாம். ஒரு பலகையில் திருகி, பலகையை மேசையோடு இறுக்கினால் இன்னும் நல்லது. முன்னங்கை தொடையிலோ நாற்காலிக் கையிலோ தங்கியிருக்க வேண்டும். தோளால் ஓட்டக்கூடாது, மணிக்கட்டாலும் விரலாலும் ஓட்ட வேண்டும். மிதிப்பலகையைச் சுவரில் முட்டுக் கொடுத்து வையுங்கள். சக்கரமுள்ள நாற்காலி கூடாது. மிதியை அழுத்தும்போது நாம்தான் பின்னால் போவோம்!

பிறகு கணிப்பொறியில் அளவு திருத்தம் செய்ய வேண்டும். கோலை நான்கு மூலைக்கும் முழுமையாகக் கொண்டுபோய்க் காட்டினால் அது எல்லைகளைக் குறித்துக்கொள்ளும். நடுவில் கை வைக்காதபோதும் விமானம் சாய்ந்துகொண்டே போனால், நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சிறு ‘செயலற்ற வட்டம்’ அமைக்கலாம். அதைப் பெரிதாக வைத்துவிட்டால் கோல் மந்தமாகிவிடும். நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும் போதும். த்ராட்டிலை முன்னால் தள்ளினால் வலு கூட வேண்டும். சில சமயம் தலைகீழாக இருக்கும், அமைப்பில் ‘திருப்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

உண்மை விமானத்தில் வேகம் கூடக் கூடக் கோல் கனக்கும். நம் கோலில் எப்போதும் ஒரே ஸ்பிரிங்தான். இந்தக் குறையை வீட்டில் நீக்குவது கடினம்.

“இதுல ஓட்டினா சர்டிபிகேட் தருவாங்களாம்மா?” என்று அப்பா கேட்டார்கள். எலுமிச்சை வியாபாரி அல்லவா, கணக்குச் சரியாக இருக்க வேண்டும். பதில், தரமாட்டார்கள் என்பதே. நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்து, 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டு மேசையில் ஓட்டிய ஒரு நிமிடம்கூட அதில் சேராது. இதிலேயே ஊறியவர்கள் நிஜ விமானத்தில் ஏறும்போது வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்க்கிறார்கள் என்று பயிற்சியாளர்கள் குறை சொல்வதும் உண்டு. ஆனால் முழுப் பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாய் அளவில் செலவாகும். அதற்குக் கடன் வாங்குவதற்கு முன், சில ஆயிரம் ரூபாயில் தன் மகளுக்கு இதில் இருப்பது ஆசையா, நாலு நாள் மோகமா என்று ஒரு தகப்பனார் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்று நம் வீடுகளில் பேச்சு எழும்; விமானிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அந்த முடிவை எடுக்கும் நேரம் எனக்கு இந்த ஆண்டுதான் வந்திருக்கிறது. இன்று உலகின் விமானிகளில் பெண்கள் மிகச் சிலரே என்றாலும், அந்த விகிதத்தில் நம் நாடு முன்னணியில் நிற்கிறது என்பதையும் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாம் பொருத்தியாயிற்று என்றால், முதற்பயணத்துக்கு நியூயார்க் போக வேண்டாம். மதுரையில் செஸ்னாவை ஏற்றி, தென்மேற்கே திசைகாட்டியில் 230 பாகை வைத்துப் பறந்து வாருங்கள். திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சிவகிரி என்று ஊர்கள் கீழே நகரும். வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை எழும். சுமார் 100 கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் வாசுதேவநல்லூருக்கு மேலே இருப்பீர்கள். இங்கே இறங்க ஓடுபாதை இல்லை. தென்கிழக்கே திரும்பி வாகைக்குளம் செல்லுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் அன்றைய வானிலையையே மென்பொருளில் ஏற்றிக்கொண்டால், மலைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும். மேற்கு நோக்கி இறங்கினால் காற்று இடப்பக்கத்திலிருந்து வரும். மூக்கு இடப்பக்கம் திரும்பியபடியே விமானம் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து இறங்கும். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் வலக்காலை அழுத்தி மூக்கை நேராக்க வேண்டும், அதே கணத்தில் கோலை இடப்பக்கம் சாய்த்து இடச்சிறகைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கோலைத் திருகி இதைச் செய்து பாருங்கள், பிறகு தச்சர் செய்த மிதியில் செய்து பாருங்கள்.