லங்காவி: பாறைகளில் பதிந்த அத்தாட்சிகள்

மலேசியா செல்லும் நம் குடும்பங்களில் பலர் லங்காவித் தீவையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேபிள் காரில் ஏறுகிறோம், படகில் சுற்றுகிறோம், வரியில்லாக் கடைகளில் சாக்லேட் வாங்குகிறோம். அங்குள்ள பாறைகளைப் பற்றி மட்டும் நாம் யாரிடமும் கேட்பதில்லை.

கெடா மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள 99 தீவுகளின் கூட்டம்தான் லங்காவி. அதன் நிலவியல் சிறப்புக்காக 2007-ல் உலகப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் இந்த அங்கீகாரத்தைப் பெற்ற முதல் இடம் இதுவே.

கேபிள் கார் ஏறும் மச்சின்சாங் மலை மணற்கல்லால் ஆனது. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் படிந்த மணல் இறுகிக் கல்லாகி, பின்னர் மலையாக உயர்ந்தது. மலேசியாவின் மிகப் பழமையான பாறைகளில் இதுவும் ஒன்று. அதன் பின் கடலில் சுண்ணாம்புக்கல் படிந்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து பாறைக்குழம்பு மேலெழுந்து, ஆறிக் கருங்கல்லானது. அதுவே 881 மீட்டர் உயரமுள்ள குனுங் ராயா. அந்த வெப்பம் பட்ட சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக மாறியது.

சூரா ஃபாத்திரின் 27-வது வசனம் மலைகளின் பல நிறங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடுத்த வசனம் கல்வியறிவுடையோரின் இறையச்சத்தைப் பற்றிக் கூறுகிறது. இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதை நாம் சிந்திக்க வேண்டும்.

தாயாங் புந்திங் தீவில் ஒரு நன்னீர் ஏரி உண்டு. அதன் நீரைப் பருகினால் குழந்தைப் பேறு கிட்டும் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. ஏரி உருவானதன் காரணம் தெளிவானது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகையாக்கியது. குகையின் கூரை இடிந்து விழ, அந்தப் பள்ளத்தில் மழைநீர் நிறைந்தது. குழந்தையைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே. ஏரி அவனது படைப்பு. அதைக் கண்டு வியக்கலாம், அதனிடம் தேவையை வேண்டக் கூடாது.

கிலிம் ஆற்றுப் பகுதியில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே சதுப்புநிலக் காடு வளர்ந்திருக்கிறது. வேகமாகச் செல்லும் படகுகள் எழுப்பும் அலைகள் அங்கே கரை மண்ணை அரிக்கின்றன, மரங்கள் வேரோடு சாய்கின்றன. பயணிகளுக்கு வேடிக்கை காட்டக் கழுகுகளுக்குக் கோழித்தோலை வீசுவதால் அவற்றின் வேட்டையாடும் பழக்கமும் கெடுகிறது.

எனவே படகில் ஏறும்போதே, "மெதுவாக ஓட்டுங்கள், கழுகுக்குத் தீனி வேண்டாம்" என்று படகோட்டியிடம் சொல்லிவிடுவோம். நினைவுக்காக ஒரு கல்லைக்கூட எடுத்து வர வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். பல கோடி ஆண்டுகளில் உருவானதை ஒரு தலைமுறையில் அழித்துவிட நமக்கு உரிமையில்லை. பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!